கறுப்பினப் பெண்களின் ‘வலிமை’: ஆறு அமர்வு வாசிப்புக்கு எதை, எந்த வரிசையில் எடுப்பது?

மைக்கூடு:

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எழுத்தை வைத்து ஆறு அமர்வு வாசிப்பு ஒன்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். 12 பேர், அமர்வுக்கு 90 நிமிடம். பாதிப் பேர் ஆங்கில மூலத்தைப் படித்துவிட்டு வருவார்கள். மற்றவர்களுக்கு முக்கியமான பக்கங்களை மட்டும் தமிழாக்கித் தர வேண்டும்.

இப்போதுள்ள வரிசை: அடிமையாக இருந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத்தின் ‘நான் பெண் இல்லையா’ உரை, ஹேரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு, ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 1937 நாவல் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’, டோனி மாரிசனின் ‘தி ப்ளூயஸ்ட் ஐ’, அவருடைய ‘பிலவ்ட்’, கடைசியாக ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’. பொதுத் தலைப்பு ‘போராட்டமும் வலிமையும்’.

அந்த உரையில் தொடங்குவது சரியா? தலைப்பில் ‘வலிமை’ வேண்டாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார், அது ஏன்? பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும் பகுதிகளைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

முதல் அமர்விலேயே இடறுவீர்கள். அந்தப் புகழ்பெற்ற கேள்வியை ட்ரூத் கேட்டார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை.

அவர் பேசியது 1851 மே மாதம், ஓஹியோவின் ஏக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில். கூட்டத்தில் இருந்த மேரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் அதே ஆண்டு ஜூன் 21 அன்று அடிமை ஒழிப்பு இதழ் ஒன்றில் உரையை வெளியிட்டார். அதில் ‘நான் பெண் இல்லையா’ என்ற வரி எங்கும் கிடையாது. அந்த வரி வருவது ஃபிரான்சஸ் கேஜ் 1863-ல் வெளியிட்ட வடிவத்தில், அதாவது 12 ஆண்டுகள் கழித்து. கேஜ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்தான், ஆனால் நினைவிலிருந்து எழுதினார். ட்ரூத்தின் வாயில் தென் மாநில அடிமைகளின் கொச்சையை ஏற்றினார். ட்ரூத் பிறந்ததோ நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில், முதல் மொழி டச்சு. கேஜ் வடிவத்தில் பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றதாகச் சொல்வார், உண்மையில் ஐந்து.

இதற்காக உரையைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு வடிவங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுங்கள். 25 நிமிடம் போதும். மொழி, பிள்ளைகளின் எண்ணிக்கை, கூட்டத்தின் மனநிலை ஆகிய மூன்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ராபின்சன் வடிவத்திலும் உழுதது, அறுத்தது, ஆணுக்குச் சமமாக வேலை செய்தது எல்லாம் வருகிறது. ஆனால் அங்கே பேசுபவர் வாதம் செய்கிறார். கேஜ் வடிவத்தில் அவர் ஒரு காட்சிப்பொருளாக எழுந்து நிற்கிறார். கறுப்பினப் பெண்ணின் ‘வலிமை’ யார் கையால் எழுதப்படுகிறது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

உடம்பின் பலத்தை மட்டும் பேசாமல் இருக்க இன்னொன்றையும் சேருங்கள். ட்ரூத்தின் மகன் பீட்டரைச் சட்டத்துக்கு விரோதமாக அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து அடிமைகளை வெளி மாநிலத்துக்கு விற்பது அப்போது தடை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் நீதிமன்றம் போய் 1828-ல் மகனை மீட்டார். மேடை உரையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நேரம் இருந்தால் அதற்கும் முன்னால் போங்கள். ஃபிலிஸ் வீட்லி 1761-ல் சிறுமியாகக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர். அவருடைய கவிதை நூல் 1773-ல் லண்டனில் வந்தது. முன்பக்கத்தில், இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் 18 ஆண்கள் கையெழுத்திட்ட சான்று இருக்கிறது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனும் ஜான் ஹான்காக்கும் அதில் உண்டு. அந்த 18 பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து அவரைத் தேர்வு வைத்தார்கள் என்று பல கட்டுரைகளில் வரும் காட்சிக்கு ஆவணம் இல்லை, அதைச் சொல்லாதீர்கள். சான்றிதழே போதிய அளவுக்குப் பேசும். 1779-ல் இரண்டாம் நூலுக்கு விளம்பரம் கொடுத்தும் அது வெளிவரவில்லை. 1784-ல் வறுமையில் இறந்தார்.

இனி ஜேக்கப்ஸ். இவருக்கு ஒரு முழு அமர்வு போதாது, முடிந்தால் இரண்டு கொடுங்கள். வட கரோலைனாவின் ஈடன்டனில் 1813-ல் அடிமையாகப் பிறந்தவர். புத்தகம் 1861-ல் ‘லிண்டா பிரென்ட்’ என்ற புனைபெயரில் வந்தது. நூறாண்டுக்கு மேல் இதைப் பலர் நாவல் என்றோ, தொகுத்த வெள்ளைப் பெண்மணி லிடியா மரியா சைல்டே எழுதியது என்றோ நினைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு 1987-ல் வெளியிட்ட பதிப்புதான் அந்தச் சந்தேகத்தை முடித்து வைத்தது. பழைய மறுபதிப்புகளை வாங்காதீர்கள். யெலின் பதிப்பில்தான் புனைபெயர்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மை மனிதர்கள் தெரிவார்கள்.

வாசகர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எஜமானர் நார்கம் துரத்தும்போது ஜேக்கப்ஸ் வேறொரு வெள்ளைக்காரரான சாயரோடு உறவு வைத்துக்கொள்கிறார், இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள். ‘இது எப்படி எதிர்ப்பு ஆகும்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். 1662-ல் வர்ஜீனியா போட்ட சட்டத்தைத் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது அது. மற்ற அடிமை மாநிலங்களிலும் அதுவே விதியானது. அதாவது அடிமைப் பெண்ணை வன்புணர்ந்தால் பிறக்கும் பிள்ளை எஜமானனின் சொத்துக் கணக்கில் ஏறும். நார்கமுக்கு எட்டாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் பிள்ளைகளை வாங்கி விடுதலை செய்யக்கூடும் என்பது ஜேக்கப்ஸின் கணக்கு. இருந்த வழிகள் எல்லாமே கெட்டவை, அவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். சட்டத்தை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள், பிறகு அந்த அத்தியாயத்துக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால் பேச்சு ஒழுக்கத்தில் போய் நின்றுவிடும்.

அடுத்தது பரண். பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயரமான இடத்தில் 3 அடி. தரையில் சுண்ணக்கட்டியால் இந்த அளவைக் கோடு போட்டுக் காட்டுங்கள், உயரத்துக்கு ஒரு மேசையடி போதும். ஆனால் ‘எவ்வளவு பொறுமை’ என்பதோடு நிறுத்தினால் பாதிதான். கையில் கிடைத்த துரப்பணத்தால் துளை போட்டு, தெருவையும் தன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க் செய்தித்தாள் துண்டு ஒன்றிலிருந்து தெருப்பெயர்களைப் பொறுக்கி, அங்கிருந்து எழுதுவதுபோலக் கடிதம் எழுதி, நம்பிக்கையான ஆள் மூலம் வடக்கே கொண்டுபோய்த் தபாலில் போடவைத்தார். நார்கம் வடக்கே தேடி அலைந்தார், இவர் அதே ஊரில் தலைக்குமேல் இருந்தார். புத்தகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

தராசு:

தலைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

‘வலுவான கறுப்பினப் பெண்’ என்பது வெறும் பாராட்டு இல்லை, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1840-களின் பிற்பகுதியில் அலபாமாவின் மான்ட்கமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள்மேல் மயக்க மருந்து இல்லாமல் அறுவை செய்து பழகினார். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை. கறுப்பர்களுக்கு வலி குறைவு என்ற நம்பிக்கை அன்றைய மருத்துவத்தில் பரவலாக இருந்தது. அது அங்கேயே முடிந்துவிடவில்லை. 2016-ல் வந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், கேட்கப்பட்ட வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் சுமார் பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடித்தது என்பதுபோன்ற தவறான கருத்துகளில் ஒன்றையாவது ஏற்றார்கள். ‘அவள் தாங்குவாள்’ என்பது பாராட்டாகத் தொடங்கி வலி மாத்திரை கொடுக்காமல் விடுவதில் போய் முடிகிறது.

மகப்பேறு மரணத்தைப் பற்றிப் பேசினால் எண்களை ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2021-ல் கறுப்பினப் பெண்கள் 69.9, வெள்ளையினப் பெண்கள் 26.6. 2023-ல் 50.3, 14.5. கறுப்பினப் பெண்களின் எண் குறைந்ததை மட்டும் பார்த்து ‘நிலைமை மேம்பட்டது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. வகுத்துப் பாருங்கள்: 2.6 மடங்காக இருந்த இடைவெளி ஏறக்குறைய 3.5 மடங்கு ஆகியிருக்கிறது. 2021 கொரோனா ஆண்டு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

1965-ல் மொய்னிஹன் அறிக்கை வந்தது. கறுப்பினக் குடும்பங்களில் பெண் கை ஓங்கியிருப்பதைப் பெரிய சிக்கலாகக் காட்டிய அரசு அறிக்கை அது. வேலையையும் கூலியையும் மறுத்தது ஒரு பக்கம் இருக்க, அந்த மறுப்பைச் சுமந்து குடும்பத்தை ஓட்டியவள் குற்றவாளி ஆனாள். 1979-ல் மிஷெல் வாலஸ் இந்த ‘அதிமனுஷி’ புனைவை ஒரு புத்தகமாகவே உடைத்தார். 1990-ல் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் ‘பிளாக் ஃபெமினிஸ்ட் தாட்’ நூலில் இப்படிப்பட்ட அச்சுகளுக்கு ‘கட்டுப்படுத்தும் பிம்பங்கள்’ என்று பெயர் கொடுத்தார். கடைசி அமர்வுக்கு முன் காலின்ஸின் அந்த ஓர் அத்தியாயத்தையாவது படிக்க வையுங்கள்.

சட்டத்தில் இது எப்படி வேலை செய்தது என்று யாராவது கேட்டால் ஒரே ஒரு வழக்கு போதும். 1976, செயின்ட் லூயிஸ், ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு மந்தநிலை வந்தபோது பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு நடந்தது, கடைசியில் வந்தவர்கள் முதலில் வெளியே. நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பால் பாகுபாடு இல்லை (அந்தப் பெண்கள் வெள்ளையர்கள்). இனப் பாகுபாட்டு வழக்கு ஏற்கெனவே தனியாக ஒன்று நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி ஒரு புது வகைப் புகாரை ஏற்க முடியாது. 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய கட்டுரை இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் கிளம்புகிறது.

செம்பருத்தி:

தராசு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ‘வலிமை’யை அடித்துவிட்டால் மிஞ்சுவது பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல், அதுவும் பொய்தான். பொறுத்துக்கொள்ளும் வலிமை வேறு, கூடி நிற்கும் வலிமை வேறு. இலக்கியத்தில் முதலாவதே அதிகம் கவனிக்கப்படுகிறது.

1881 அட்லாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். துணி வெளுக்கும் கறுப்பினப் பெண்கள் 20 பேர் ஜூலையில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மூன்று வாரத்தில் வேலைநிறுத்தத்தில் 3,000 பேர். கேட்டது ஒரே சீரான கூலி, 12 பவுண்டு துணிக்கு 1 டாலர். நகரசபை மிரட்டலாக, வெளுப்பவர்கள் 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பேச ஆரம்பித்தது. அந்தப் பெண்கள் மேயருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்: கட்டணம் கட்டத் தயார், அப்படியானால் நகரத்தின் சலவை முழுவதும் எங்கள் கையில் இருக்கும். மிரட்டலையே பாதுகாப்பாகத் திருப்பினார்கள். நகரசபை அந்தக் கட்டணத்தைப் போடவில்லை.

மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் விவசாயக் கூலிகளையும் ஓய்வூதியத்துக்கு வெளியே வைத்தது. வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். 1950-ல்தான் வீட்டு வேலையாளர்களில் ஒரு பகுதியினர் உள்ளே வந்தார்கள்.

தலைப்பில் ‘வலிமை’ இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

கூழாங்கல்:

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன்.

பொதுவான பிழை, கறுப்பினப் பேச்சு ஆங்கிலத்தைத் தமிழின் ஏதோ ஒரு மாவட்ட வழக்கில் போடுவது. முதல் பத்தி சுவையாக இருக்கும், மூன்றாம் பத்தியில் ஹர்ஸ்டனின் கதைக்களமான ஃபுளோரிடா காணாமல் போய்விடும். பேச்சுத் தமிழின் பொதுச் சுருக்கங்களை மட்டும் எடுங்கள்: போறேன், வந்துட்டா, சொல்லிக்கிட்டு. ஒரு வட்டாரத்தில் மட்டும் புழங்கும் சொல்லைத் தொடாதீர்கள். எதிர்ப்பிழை, எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக்கிவிடுவது. ஹர்ஸ்டனுக்கு அது பெரிய துரோகம். கடைசி அடிமைக் கப்பலில் வந்த கஜோ லூயிஸை அவர் பேட்டி கண்டு எழுதிய நூலை, மொழியைச் ‘சரி’ செய்தால் போடுகிறோம் என்றது பதிப்பகம். அவர் மாட்டேன் என்றார். நூல் 2018-ல்தான் வெளிவந்தது, அவர் இறந்து 58 ஆண்டு கழித்து. இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல்கூட இல்லை. 1973-ல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய் நட்டார்.

1937 நாவலில் கதைசொல்லியின் மொழி ஏட்டுத்தனமாகத் தொடங்கி, நாயகி ஜேனியின் பேச்சுக்குள் மெல்ல இறங்கும். எந்த வாக்கியத்தில் இறங்குகிறது என்று பென்சிலால் குறித்துவிட்டுப் பெயர்க்கத் தொடங்குங்கள். ‘கலர் பர்ப்பிள்’ வேறு மாதிரி. அது கடிதங்களால் ஆனது. நாயகி ஸீலி பேசவில்லை, எழுதுகிறாள், பேசுவதுபோல எழுதுகிறாள். ஆகவே உச்சரிப்பைக் காட்டுவதைவிட வாக்கியத்தைக் குட்டையாக வையுங்கள். தங்கை நெட்டியின் கடிதங்கள் பள்ளிக்கூட நடையில் இருக்கும். அந்த இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் மொழிபெயர்ப்பு தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘ப்ளூயஸ்ட் ஐ’ தொடக்கத்தில் ஒரு பள்ளிப் பாடம் மூன்று முறை வரும். முதலில் ஒழுங்காக, பிறகு நிறுத்தக்குறி இல்லாமல், பிறகு சொல்லிடைவெளியே இல்லாமல். மூச்சு முட்ட வேண்டும் என்பது நோக்கம். தமிழில் சந்தி சேர்த்து ஒட்டி எழுதினால் பழைய சுவடிபோல அழகாக ஓடிவிடும், முட்டாது! சந்தி போடாமல் சொற்களை அப்படியே மோதவிடுங்கள்.

சொற்கள் சில. வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் தடித்த, சிரித்த முகப் பணிப்பெண் பிம்பத்துக்கு ஆங்கிலத்தில் ‘mammy’ என்று பெயர். அதை ‘மாமி’ என்று ஒலிபெயர்த்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மம்மி’ அதைவிட மோசம். ‘ஆயா’ என்றால் கேலிச்சித்திரம் போய் வேலை மட்டும் நிற்கும். ‘மேமி’ என்று எழுதி ஒருமுறை விளக்கிவிடுங்கள். வாக்கர் கொண்டுவந்த ‘வுமனிஸ்ட்’டுக்கு ‘பெண்மையவாதி’ என்று அகராதியில் தேட வேண்டாம். வயதுக்கு மீறித் துணிந்து பேசும் மகளை அம்மாக்கள் கடிந்துகொள்ளும் சொல்லிலிருந்துதான் அது வருகிறது என்று அவரே விளக்கியிருக்கிறார். நம்மிடம் ‘பெரிய மனுஷி’ இருக்கிறதே, அதே தொனி. கிரென்ஷா கொண்டுவந்த ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல்லுக்குக் ‘குறுக்குவெட்டு’ புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது மரத்தை அறுத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அவர் சொன்னது நான்கு பக்கமும் வண்டி வரும் சாலைச் சந்திப்பு. நாற்சந்தியில் நிற்பவளை எந்த வண்டி இடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அவருடைய வாதம்.

மைக்கூடு:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் கேள்விக்குறி போடுகிறோம். ட்ரூத்தோடு வீட்லியைச் சேர்த்து முதல் அமர்வு, ஜேக்கப்ஸுக்கு இரண்டு. அப்படியானால் ஆறுக்குள் அடங்க ஒன்றை விட வேண்டும். மாரிசனில் எது? ‘பிலவ்ட்’ முதல் 50 பக்கத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதும் ஒரு பயம்.

ஏட்டுச்சுவடி:

‘ப்ளூயஸ்ட் ஐ’யை விடுங்கள். சிறியது என்பதால் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் அதில் ஒரு சிறுமியைத் தகப்பனே வன்புணரும் பகுதி இருக்கிறது. அதைப் பேச முன்னறிவிப்பும் தனி நேரமும் வேண்டும், 90 நிமிடத்தில் ஓட்ட முடியாது. ‘பிலவ்ட்’ எடுத்தால் ஜேக்கப்ஸில் படித்த சட்டம் நேராகப் பயன்படும்.

அந்த நாவலுக்கு வித்து மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில் உறைந்த ஓஹியோ ஆற்றைக் கடந்து கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தபோது, திரும்பிப் போகக்கூடாது என்று தன் பெண் குழந்தையைக் கொன்றார். வழக்கு விசித்திரமானது. அடிமை ஒழிப்பாளர்கள் அவர்மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட வேண்டும் என்று போராடினார்கள், ஏனென்றால் கொலைக்கு விசாரிக்கப்படுபவர் மனிதர். மறுபக்கம் அவரைத் தப்பிய உடைமையாகத் திருப்பிக் கேட்டது. தப்பியோடிய அடிமைகள் சட்டம் வென்றது. 1858-ல் தெற்கிலேயே டைஃபாய்டில் இறந்தார்.

நாவலில் நின்றுவிடுவதற்குக் காரணம் காலம் முன்பின் தாவுவது. ஒரு சிறு அட்டையில் இரண்டு ஆண்டு எழுதிக் கொடுங்கள்: தப்பியது 1855, கதை நடப்பது 1873. இடையில் சுதந்திரமாக இருந்த 28 நாள். இது போதும், மற்றதை நாவலே அவிழ்க்கும். சம்பவத்தை முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்பீர்கள், சொல்லுங்கள். இந்த நாவலின் பலம் திருப்பத்தில் இல்லை. நாயகியின் பெயரை உச்சரிப்புப்படி ‘செத்தா’ என்று எழுதினால் தமிழில் அபத்தமாகும், ‘சேதே’ என்று எழுதிவிடுங்கள்.

சத்தமாக வாசிக்க ஒரு பகுதி: ‘பள்ளி ஆசிரியர்’ என்று அழைக்கப்படும் எஜமானர் தன் மாணவர்களிடம், சேதேயின் மனிதக் குணங்களை ஒரு பக்கமும் மிருகக் குணங்களை மறுபக்கமும் எழுதச் சொல்வதை அவள் காதில் கேட்கும் இடம். அந்த மையைக் காய்ச்சிக் கொடுப்பது அவள்தான். முதல் அமர்வில் கொடுத்த 18 கையெழுத்துச் சான்றையும் ட்ரூத்தின் இரண்டு வடிவங்களையும் அன்று மறுபடி மேசையில் வைத்திருங்கள்.